மறுமொழி: ‘உடன்தோற்றம்’ சரிப்படாது, ‘ஒருகணமை’ எப்படி?

வணக்கம் நண்பர்களே,

ஐன்ஸ்டைனின் சார்பியலில் வரும் ‘simultaneity’-க்கு, அதாவது இரண்டு நிகழ்வுகள் ஒரே கணத்தில் நடப்பதற்கு, தமிழில் ‘உடன்தோற்றம்’ என்று முன்வைத்ததும் நாலைந்து பேர் கைதட்டிவிட்டீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தோற்றம் என்றாலே கண்ணுக்குத் தெரிவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், சார்பியலில் பிள்ளைகள் வழுக்குகிற இடமே அதுதான்.

சேலம் ஜங்ஷனிலும் ஈரோடு ஜங்ஷனிலும் ஒரே கணத்தில் விளக்கு எரிகிறது, தரையில் நிற்பவர் கணக்குப்படி. சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் ரயிலைக் குறிப்பாயமாக (இடத்தையும் நேரத்தையும் எதை வைத்து அளக்கிறோமோ அது, frame of reference) எடுத்தால் ஈரோட்டு விளக்குதான் முதலில் எரிந்தது. இடைத்தூரம் சுமார் 60 கி.மீ. என்பதால் வித்தியாசம் நொடியில் 5,000 கோடியில் ஒரு பங்குதான், எந்த ஸ்டேஷன் கடிகாரமும் காட்டாது, அது வேறு விஷயம். ஆனால் ஒளி வந்துசேர ஆன நேரத்தை ரயில்காரர் ஒழுங்காகக் கழித்த பிறகும் அது மிஞ்சும். ஆகவே பார்வைக்கு இதில் வேலையே இல்லை. (‘நோக்குச் சட்டகம்’ வேண்டாம், பாடநூலில் உள்ள ‘குறிப்பாயம்’ போதும் என்பதும் இதனால்தான்.)

சரி, ‘உடனிகழ்ச்சி’? மூன்றாம் வேற்றுமைப் பொருளாக எல்லாரும் படித்ததுதான்: தாயோடு மகள் வந்தாள். நல்ல சொல், ஆனால் அது ஓரிடத்தில் சேர்ந்து நடப்பது. ஐன்ஸ்டைன் 1905 கட்டுரையின் முதல் பகுதியிலேயே இதைப் பிரிக்கிறார். ரயில் 7 மணிக்கு வருகிறது என்றால், முள் 7-ஐக் காட்டுவதும் ரயில் வருவதும் சேர்ந்து நடக்கின்றன. கடிகாரம் இருக்கும் இடத்துக்கு இது போதும், தொலைவில் நடப்பதற்குப் போதாது. ஓரிடத்துச் சேர்க்கையை எல்லாக் குறிப்பாயங்களும் ஒப்புக்கொள்ளும், ‘உடனிகழ்ச்சி’யை அதற்கே வைத்துக்கொள்வோம். தொலைவில் உள்ள இரண்டுக்கு ‘ஒருகணமை’. ஒருகண நிகழ்வுகள், ஒருகணமையின் சார்புத்தன்மை, ஒருகணப்படுத்துதல் (கடிகாரங்களை ஒரே நேரத்துக்கு வைப்பது) என்று கிளைக்கவும் செய்கிறது. கணம் வடசொல் என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். நொடியை அலகுக்குக் கொடுத்தாயிற்று, ‘ஒருபொழுது’ என்றால் எங்கள் சேலத்துப் பாட்டிமார் விரதம் என்பார்கள்.

---

ஏற்காட்டிலிருந்து ஒரு மறுப்பு, ஐயா.

‘ஒருகணமை’க்கு என் ஓட்டும் உண்டு. ‘ஒருகணப்படுத்துதல்’ மட்டும் வேண்டாம், ‘நேரம் பொருத்துதல்’ இருக்கும்போது எதற்கு இவ்வளவு நீளம்? அதோடு, கணத்தைப் பொருத்துவது வேறு, ஓட்டத்தை, அதாவது கடிகாரம் ஓடும் வேகத்தை, பொருத்துவது வேறு. சேலத்தைவிட நாங்கள் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இன்றைக்கு இரண்டு கடிகாரத்தையும் பொருத்தி வைத்தாலும், ஈர்ப்பு வேறுபாட்டால் மலைமேல் இருப்பது நாளுக்குச் சுமார் 11 நானோநொடி முந்திப்போகும். ‘ஒருகணப்படுத்தியாயிற்று’ என்றால் என்றைக்கும் அப்படியே நிற்கும் என்று மாணவர் நினைத்துக்கொள்வார். ஓட்டத்துக்குத் தனிச்சொல் வேண்டும், ‘வீதப் பொருத்தம்’ என்று தற்காலிகமாகப் போட்டுவைக்கிறேன், அடுத்தவர்கள் அடித்துத் திருத்துங்கள்.