மறு: ‘கோடை ரயர்’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

> அண்ணன்மாருக்கு வணக்கம். என் சுவிஃப்ட் ஸ்போர்ட் காரின் நான்கு ரயரும் மொட்டையாகும் நிலைக்கு வந்துவிட்டன. புதிது தேடும்போது படித்ததை எல்லாம் சேர்த்துத் தமிழில் ஒரு சிறு வழிகாட்டி எழுதுகிறேன். சமர் ரயருக்குக் கோடை ரயர், ஓல் சீசனுக்கு எல்லாப்பருவ ரயர், அக்குவாபிளேனிங்குக்கு நீர்மிதப்பு, பெர்ஃபோமன்ஸ் ரயருக்குச் செயல்திறன் ரயர் என்று போட்டிருக்கிறேன். சரிதானே? நானும் எல்லாப்பருவ ரயர்தான் வாங்குவதாக இருக்கிறேன். மாரி வருகிறதல்லவா.

தம்பிக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும்,

சொற்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியைப் பார்த்த பிறகுதான் இது நீட்டி எழுத வேண்டிய விசயம் என்று பட்டது. நீங்கள் போட்ட சொல்லே உங்களைப் பிழையான ரயருக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

மட்டக்களப்பில் கோடை என்றால் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற காலம். மாரி என்றால் வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழை. ஒக்டோபர் கடைசியில் பிடித்தால் ஜனவரி வரைக்கும் விடாது. நமக்குப் பருவத்தைப் பிரிப்பது தண்ணீர்தான். அந்த ரயருக்குப் பெயர் வைத்த ஊர்களில் பருவத்தைப் பிரிப்பது குளிர். அங்கே கோடையிலும் மழை பெய்யும், அந்த மழையில் ஓடுவதற்கும் சேர்த்துத்தான் சமர் ரயரைச் செய்கிறார்கள். அது தாங்காதது குளிரை மட்டுமே. சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் நுவரெலியாக் குசினியில் தேங்காயெண்ணெய் உறைவதுபோல அதன் ரப்பர் இறுகத் தொடங்கும், பிடி போய்விடும். கல்லடிக் கடற்கரையில் எந்த மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் வராது. இலங்கையில் அப்படிக் குளிர வேண்டுமானால் நுவரெலியாவில் ஜனவரி மாதத்து அதிகாலைதான்.

ஆகவே ‘கோடை ரயர்’ என்று எழுதினால் ஆரையம்பதியில் இருந்து படிப்பவர் ‘அப்போ மாரிக்கு ஆகாது’ என்றுதான் எடுப்பார். ‘எல்லாப்பருவ ரயர்’ என்றால் ‘மாரிக்கும் சேர்த்துத்தானே’ என்று காசைக் கொடுத்துவிடுவார். உண்மை நேர்மாறு. ஓல் சீசன் ரயர் லேசான வெண்பனியிலும் ஓட வேண்டும் என்று செய்யப்பட்டது. குளிரில் இறுகாத கலவையும், பனியைக் கவ்வுவதற்கான மெல்லிய கீறல்கள் நிறைந்த முகமும் அதற்கு வேண்டும். 35 பாகை வெயிலில், அதைவிடச் சூடான தார் வீதியில், அந்த முகம் வளைவுகளில் நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பிய கையோடு வாகனம் திரும்பாமல் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவதுபோல இருக்கும். ஈர வீதியில் பிறேக் பிடிக்கும்போதும் நம் நாட்டின் சாதாரணச் சூட்டில் நல்ல சமர் ரயரே முன்னுக்கு நிற்கும். பனியே இல்லாத ஊரில் பனிக்காகக் காசு கொடுப்பானேன்? அதுவும் ஸ்போர்ட்ஸ் வாகனத்துக்கு?

என் யோசனை: பருவத்தை விட்டுவிட்டு ரப்பரின் வெப்பநிலையை வைத்துப் பெயர் சொல்வோம். சமர் ரயருக்கு வெம்மை ரயர். விண்டர் ரயருக்குப் பனி ரயர். ஓல் சீசனுக்கு இடைநிலை ரயர். ‘சூட்டு ரயர்’ என்றும் யோசித்துப் பார்த்தேன், கராஜில் போய்ச் சொன்னால் ரயர் சூடாகிவிட்டது என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். அடையாளம் சொல்வதும் சுலபம்: மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் இருந்தால் அது கடும் பனிக்கும் சோதித்தது. எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் பெரும்பாலும் இடைநிலை. இரண்டும் இல்லாவிட்டால் வெம்மை ரயர் என்று எடுக்கலாம்.

அடுத்தது நீர்மிதப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைக்கு மிதப்பு என்றதும் ஆக்கிமிடீசும் மேலுதைப்பும்தான் ஞாபகம் வரும். இங்கே நடப்பது வேறு. ரயருக்கு முன்னால் ஆப்புப்போலத் தண்ணீர் திரள்கிறது. வேகம் கூடக்கூட அந்த ஆப்பின் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ரயர் முகத்தில் உள்ள வெட்டுகளால் தண்ணீரை வெளியே தள்ள முடியாத கட்டத்தில் அந்த அமுக்கமே ரயரை வீதியிலிருந்து தூக்கிவிடுகிறது. வாகனம் நின்றால் ஒன்றும் மிதக்காது, கணுக்கால் தண்ணீர்தான். ஓட்டுநர்மார் ‘தண்ணியில ஏறிட்டு’ என்று சொல்வது மிகச் சரி. ஆகவே நீரேறல்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஈர வீதியில் பிடிப்பதும் நீரேறலும் இரண்டு வெவ்வேறு குணங்கள். ரயரில் ஒட்டிவரும் ஐரோப்பிய வில்லையில் ஈரத்துக்கு ஏ முதல் ஈ வரை தரம் போட்டிருப்பார்கள், 2021 மே முதல் இந்த ஐந்து படிதான். அது நனைந்த வீதியில் 80 கிலோமீற்றரிலிருந்து 20க்கு எவ்வளவு தூரத்தில் இறங்குகிறது என்று அளந்து கொடுப்பது. அந்தச் சோதனையில் வீதியில் நிற்கும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர். கோட்டைக்கல்லாற்றுக்கும் பெரியகல்லாற்றுக்கும் நடுவில் அடைமழையன்று ஓரத்தில் தேங்கி நிற்பது ஒரு மில்லிமீற்றரா? அங்கே ஏ தரம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். வெட்டின் ஆழமும் ரயரில் உள்ள காற்றும் உங்கள் வேகமும்தான் மிச்சத்தைத் தீர்மானிக்கும். ஈர வீதியில் பிடிப்பதற்கு ஈரப்பிடி என்று வைத்தால் இரண்டையும் குழப்ப இடமிருக்காது.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960களில் நாசாவில் விமானச் சில்லுகளை வைத்து ஆராய்ந்தபோது, நீரேறல் தொடங்கும் வேகம் காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது என்று கண்டார்கள். கார் ரயருக்கு அப்படியே பொருந்தாது, அகலமும் வெட்டும் குறுக்கே வரும். போக்கு என்னவோ அதுதான். 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 26 இருந்தால் அந்த வேகம் பத்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். நம்மில் பலர் மாதக்கணக்கில் காற்றுப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களும் ஓடிச் சூடேறிய ரயரில் பார்த்துவிட்டு ‘கூடிப்போச்சு’ என்று இறக்கிவிடுகிறார்கள். குளிர்ந்த ரயரில் பாருங்கள்.

செயல்திறன் ரயர்? அதை விட்டுவிடலாம். எந்த ரயரும் ஏதோ ஒரு வேலை செய்கிறதுதான். கடையில் ‘ஸ்போர்ட்ஸ் ரயர்’ என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள், எல்லாருக்கும் விளங்குகிறது. இதற்குப் புதுச்சொல் செய்ய ஒருவரும் மினக்கெட வேண்டாம்.

விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்து, சென்னையில் கலைச்சொல் ஆக்கத்தில் முன்னின்றவர். அவர் ஊர்க்காரர் நாமே ‘செயல்திறன் ரயர்’ என்று எழுதினால் எப்படி?

கல்லடியிலிருந்து

———

கல்முனையிலிருந்து:

ஐயா, வெம்மை ரயருக்கு என் ஆதரவு. செய்யுள் சொல்போல இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், பழகிவிடும். நீரேறலோடு எனக்கு ஒத்துவரவில்லை. நம் பக்கத்தில் ‘தண்ணி ஏறுது’ என்றால் வெள்ளம். வாவி பெருகி வீட்டுப் படிக்கு வந்தால் அப்படித்தானே சொல்கிறோம்? ‘மழைக்காலத்தில் நீரேறல் அபாயம்’ என்று வீதியோரம் பலகை வைத்தால் சனம் சாமான்களைத் தூக்கி மேலே வைக்கும். நீர்மேலோட்டம் என்று வைத்தால் என்ன? எது எதன்மேல் ஓடுகிறது என்பது தெளிவு. என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், பொடியன்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்று, ரயரின் தேய்மான எண்ணையும் வழிகாட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் ட்ரெட்வெயர் என்று போட்டிருக்குமே, அதற்கு ‘தேய்வெண்’ போதும். எல்லாரும் அது கூடினால் நல்ல ரயர் என்று நினைக்கிறார்கள்.

———

கல்லடியிலிருந்து:

நீர்மேலோட்டமே இருக்கட்டும், சேர். வெள்ளத்தை நினைத்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. தேய்வெண்ணும் நல்ல சொல். அது அமெரிக்க முறை, 100 என்ற ஒப்பீட்டு ரயரோடு பார்த்துக் கொடுப்பது, எண்ணைப் போடுபவர் அந்தந்த உற்பத்தியாளரே. அதனால் ஒரு கம்பனியின் 300ஐயும் இன்னொரு கம்பனியின் 320ஐயும் வைத்துச் சண்டைபிடிக்கத் தேவையில்லை. பொதுவாக 200க்குப் பக்கத்தில் இருப்பவை கார்ப் பந்தயத் திடலை நினைத்துச் செய்த மென்மையான கலவை. 300ஐச் சுற்றி நல்ல ஸ்போர்ட்ஸ் ரயர்கள். 500, 600 என்று போனால் நீண்டநாள் உழைக்கும், பிடியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

தம்பி, உங்கள் வாகனத்துக்கு வருவோம். 195/45 ஆர் 17, 81 டபிள்யூ என்று பழைய ரயரில் இருக்கும். 195 என்பது மில்லிமீற்றரில் அகலம், 45 என்பது சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, 17 என்பது உள்விட்டம் அங்குலத்தில். 81 என்பது ஒரு ரயர் 462 கிலோ தாங்கும் என்பது, டபிள்யூ என்பது 270 கிலோமீற்றர் வேகம்வரை. அந்த வேகத்தில் போக இந்த நாட்டில் வீதி கிடையாது, இருந்தாலும் டபிள்யூவுக்குக் கீழே இறங்காதீர்கள். சூட்டைத் தாங்கும் கட்டமைப்பும் அந்த எழுத்தோடுதான் வருகிறது. கடைக்காரர் 205/45 போடச் சொல்லுவார். விட்டம் 9 மில்லிமீற்றர் கூடும், தேங்கிய தண்ணீரில் அகலம் கூடுவது நல்லதுமல்ல. அதே அளவைக் கேளுங்கள்.

மகியங்கனை பதினெட்டு வளைவு மலைவீதியால் கண்டிக்குப் போய்வருகிறவர் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் ஈரப்பிடி ஏ அல்லது பீ, தேய்வெண் 300 பக்கம், வெம்மை ரயர். பைலட் ஸ்போர்ட், பொட்டென்சா, அட்வான் வரிசைகளில் உங்கள் அளவில் எது கையிருப்பில் இருக்கிறதோ அதைப் பாருங்கள். ரயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் வாசியுங்கள். 2324 என்றால் 2024இன் 23ஆம் கிழமை செய்தது. கடையில் நாலைந்து வருடம் கிடந்ததை ‘புதுசு’ என்று தந்தால் வாங்க வேண்டாம்.

காசு இப்போது இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால் புதிய இரண்டையும் பின்னுக்குப் போடச் சொல்லுங்கள். முன்சில்லு இழுவை வாகனம்தானே என்று முன்னுக்குப் போடப் பார்ப்பார்கள். முன் ரயர் தண்ணீரில் பிடி விட்டால் வாகனம் நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் திரும்பவும் பிடிக்கும். பின் ரயர் விட்டால் வால் சுற்றிவிடும், அதைத் திருப்பி எடுக்க நேரம் கிடைக்காது. முன்னுக்குப் போகிற பழையதிலும் வெட்டு 3 மில்லிமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். வெட்டுக்குள் தெரியும் மேட்டுக்கோடு 1.6இல் இருக்கிறது, அதுவரை காத்திருப்பது மாரிக்குச் சரிவராது.

வழிகாட்டியின் திருத்திய பிரதியை அனுப்புங்கள். ‘அலைன்மென்ட்’டுக்கு என்ன போடுவது என்பதை அடுத்த கிழமை பார்ப்போம், அதற்கு ஏற்கெனவே நாலு பேர் நாலு சொல் வைத்திருக்கிறார்கள்.