'வெரிஃபை': சரிபார்ப்பதா, ஒப்புநோக்குவதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிடி, டிவிடி வட்டுகளில் எழுதும் மென்பொருளுக்கான நம் தமிழாக்க வரைவில் 'வெரிஃபை' (verify) வரும் இடமெல்லாம் 'சரிபார்' என்று போட்டிருக்கிறோம். அதை 'ஒப்புநோக்கு' என்று மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வட்டெழுதும் மென்பொருளான கே3பி-யில் ஓர் ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு வட்டின் முழு உள்ளடக்கமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) வட்டில் எழுதும் சாளரத்தைத் திறந்து பாருங்கள். கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் அதன் எம்டி5 தொகையை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து பெறப்படும் ஓர் அடையாளக் குறியீட்டை, கணக்கிட்டுக் காட்டுகிறது. பதிவிறக்கிய தளத்தில் உள்ள தொகையோடு அது பொருந்தினால் கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறது என்று பொருள். கீழே, லேசர் எதையும் எழுதாமல் மற்ற எல்லாவற்றையும் செய்து பார்க்கும் ஒரு தெரிவு இருக்கிறது. அதற்கும் கீழே, எழுதி முடித்த வட்டைத் திரும்பப் படித்து மூலத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் தெரிவு. மூன்றுமே ஒரு வகையில் சரிபார்ப்புதான். எனவே அந்த ஒரு சொல்லைக் கண்டு, எது எதைச் சரிபார்க்கிறது என்று பயனரால் பிரித்தறிய முடிவதில்லை.

இதை நான் பட்டே அறிந்தேன். என் அக்கா மகனுக்கு உபுண்டு இயங்குதளத்தை நிறுவும் வட்டு ஒன்று எழுதிக் கொடுத்தேன். எம்டி5 தொகையை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், பொருந்தியது. சரிபார்த்தாயிற்று என்ற நிம்மதியில் கடைசிப் பெட்டியில் குறியிடவில்லை. அவன் ஊரில் நிறுவல் பாதியில் நின்றது. வட்டு சுழல்வதும் நிற்பதுமாக அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான்: "மாமா, சரிபார்த்துத்தானே கொடுத்தீர்கள்?" நான் சரிபார்த்தது கோப்பை. வட்டின் சாயப் படலத்தில் லேசர் சரியாகப் பதித்ததா என்பதை யாருமே பார்க்கவில்லை.

'ஒப்புநோக்கு' நான் புதிதாகப் புனைந்த சொல்லன்று. அச்சகங்களில் நெடுங்காலமாகப் புழங்குவது. என் தந்தையார் அந்த வேலையைப் பார்த்தவர். ஒருவர் கையெழுத்துப் படியைக் காற்புள்ளி, அரைப்புள்ளி உட்பட உரக்கப் படிப்பார்; இன்னொருவர் அச்சுத்தாளில் பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே வருவார். ஓர் ஒற்று விடுபட்டாலும் பென்சில் நின்றுவிடும். எழுதிய வட்டுக்கு மென்பொருள் செய்வதும் இதுவேதான்.

முன்வைக்கப்பட்ட மற்ற சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். 'ஒப்பிடு' என்றால் இரண்டும் சமநிலையில் நிற்கின்றன. எது மூலம், எது படி என்ற குறிப்பு அதில் இல்லை. 'மெய்ப்பார்' அழகான சொல். ஆனால் மெய்ப்புப் பார்ப்பது திருத்துவதற்காக. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிடி-ஆர் வட்டில் திருத்த வழியே இல்லை. 'உறுதிசெய்' என்பதைப் பயனரிடம் சம்மதம் கேட்கும் இடங்களில் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டோம். 'சோதி' என்றால் எழுதாமல் செய்து பார்க்கும் அந்த இரண்டாவது தெரிவோடு குழம்பும். அதற்கு 'ஒத்திகை' என்றே வைக்கலாமே! நாடகம் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. (மென்பொருளுக்கு 'வட்டெழுதி' என்ற பெயர் வேண்டாம். கல்வெட்டு படித்தவர்களுக்கு வட்டெழுத்துதான் நினைவுக்கு வரும்.)

"மென்பொருள் பைட் பைட்டாகப் பார்ப்பதில்லை, இரு பக்கமும் எம்டி5 தொகையைத்தானே பார்க்கிறது? அதை ஒப்புநோக்கல் என்று சொல்லலாமா?" என்ற கேள்வி நியாயமானது. தொகையைக் கணக்கிடவும் வட்டை முழுவதும் படித்தாக வேண்டும். ஒரு பிட் மாறினாலும் தொகை மாறிவிடும். கருவி வேறானாலும் செயல் அதுவே. எம்டி5 போன்ற தொகைகளைக் குறிக்கும் 'செக்சம்' என்பதற்குச் 'சரிபார்ப்புத் தொகை' அப்படியே இருக்கட்டும். அப்போதுதான் இரண்டும் தனித்தனியாக நிற்கும்.

மடிக்கணினிக்காக இன்னொரு வரியும் தேவை. எழுதி முடித்ததும் மென்பொருள் வட்டை வெளியே தள்ளி மறுபடி ஏற்றப் பார்க்கும்; நினைவகத்தில் தங்கியிருப்பதைப் படிக்காமல் வட்டையே படிப்பதற்காக. மேசைக் கணினியில் வட்டு வைக்கும் தட்டை மோட்டார் உள்ளே இழுத்துக்கொள்ளும். மடிக்கணினியின் மெல்லிய தட்டுக்கு அந்த மோட்டார் கிடையாது. வில் விசையில் வெளியே வந்து நின்றுவிடும். வேலை முடிந்ததென்று பலரும் அப்போது வட்டைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். "வட்டை உள்ளிடவும்" என்ற நம் இப்போதைய செய்தி அவர்களுக்குப் புதிய வட்டு கேட்பதுபோல் படுகிறது.

ஆகவே வரைவில் இப்படி மாற்றலாம் என்கிறேன்:

"எழுதியபின் மூலத்தோடு ஒப்புநோக்கு."
"ஒத்திகை மட்டும்; வட்டில் எதுவும் எழுதப்படாது."
"எழுதியாயிற்று, ஒப்புநோக்க வேண்டும். வட்டை எடுக்காமல் தட்டைக் கையால் உள்ளே தள்ளுங்கள்."
"ஒப்புநோக்கியதில் வேறுபாடு உள்ளது. இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டாம்."

மறுப்பவர்கள் தனிச்சொல்லாகத் தராமல், இந்த நான்கு வரிகளிலும் தங்கள் சொல்லைப் பொருத்தி எழுதி அனுப்புங்கள்.