மணிக்கயிறும் ஆட்டுத்தொடையும்

கேள்வி: ஆர்தர் கோனன் டாயில் 1892இல் வெளியிட்ட ‘தி ஸ்பெக்கிள்டு பேண்ட்’, ரோல்டு டாலின் 1953ஆம் ஆண்டுக் கதையான ‘லாம்ப் டு தி ஸ்லாட்டர்’ இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். கொலையாளி யாரென்று முன்பே தெரிந்தும் இரண்டாவது கதை நம்மை எப்படிக் கட்டிப்போடுகிறது?

மறுமொழி 1: டாயில், ஒலிக்காத மணிக்கயிறு, தரையோடு பிணைத்த கட்டில், சிறு தட்டில் பால் எனத் தடயங்களை நம் கண்முன் வைத்தாலும், அவற்றைக் கொலைக்கருவியான பாம்போடு முடிச்சுப்போடத் துப்பறிவாளர் ஹோம்ஸ்தான் வரவேண்டியிருக்கிறது. டாலின் மேரியோ, கணவனை அடித்துக் கொன்ற உறைந்த ஆட்டுத்தொடையையே சமைத்து, துப்பறிய வந்த காவலர்களை உண்ணச் செய்கிறாள். ஆயுதம் மூக்குக்குக் கீழேயே இருக்கலாம் என்று அவர்கள் வாய் நிறைய இறைச்சியோடு பேசுகையில், அடுத்த அறையில் அவள் சிரிக்கிறாள்.

மறுமொழி 2: ஒரு சிறு திருத்தம். ஜிப்சிகள்மீது ஐயம் சற்றே திரும்பினாலும், டாயிலிடமும் இறந்த பெண்ணின் மாற்றாந்தந்தை ராய்லட்தான் குற்றவாளி என்பதை விரைவிலேயே ஊகித்துவிடலாம். அங்கும் கேள்வி ‘எப்படி’ என்பதே.

கேட்டவர்: உண்மைதான். ஆனால் ராய்லட் தன் பாம்பாலேயே மடிகிறார். மேரி பிடிபடுவதில்லை, நானும் அவள் பிடிபடக்கூடாதென்றே வாசித்தேன்.