ஓவியர் குடியிருக்கும் பட்டறைக்குள், லாஃப்டுக்குள் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

இன்வெர்ட்டர் மணி
பேட்டரி மாற்றப் போன இடம். மண்ணடியில் பழைய கிடங்குக்கு மேல்மாடி. மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்திரம், குறுக்குச் சுவர் ஒன்றுகூடக் கிடையாது. தரையில் நீளமாக மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் அடுப்பு, குக்கர், சுருட்டி வைத்த பாய். அந்தப் பக்கம் கேன்வாஸ், பெயின்ட் ட்யூப், டர்பன்டைன் வாடை. அங்கே படம் வரையும் அம்மாவின் பையன் டேப்பைத் தாண்டாமல் ஓரத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

நான் தாண்டிவிட்டேன். ஏணியைத் திருப்பும்போது அதன் கால் ஒரு பெரிய படத்தை உரசிக்கொண்டு போனது. காயாத படம். ஒரு சாண் நீளத்துக்குப் பச்சையை வழித்துவிட்டது, அடியில் சிவப்பு தெரிந்தது. பையன் எழுதுவதை நிறுத்திவிட்டான். அந்தம்மா கிட்டே வந்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். “பரவால்ல விடுங்க, இப்பத்தான் நல்லா இருக்கு” என்றார். கூலியில் பிடிக்கவில்லை, டீயும் கொடுத்தார்.

ஒன்பது வருஷமாகிறது. நிஜமாகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? படம் வரைகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கடற்கரைக்காரி
எனக்கு சோழமண்டலம். காலேஜில் படிக்கும்போது தோழிகளோடு போனேன். கேலரி பார்த்துவிட்டு உள்தெருவில் நடந்தோம். ஓவியர் கிராமம் என்று போர்டு வைத்தால் எல்லாமே பார்வைக்குத்தான் என்று ஒரு நினைப்பு. ஒரு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கம்பி, களிமண், பாதி முடிந்த தலை ஒன்று. நடுவில் முண்டா பனியனோடு ஒருவர் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரையும் சேர்த்துத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, “கேலரி அந்தப் பக்கம்மா” என்றார். இன்றைக்கும் ஈசிஆரில் அந்த வழியாகப் போனால் காது சூடாகிறது.

அங்கே குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் அந்த இடத்தைத் தொடங்கியதே அதற்காகத்தான். படம் விற்று வீடு நடத்த முடியாது. அதனால் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள்.

குயின்ஸ்வாசி
கடற்கரைக்காரி, கோபிக்காதீர்கள், சோழமண்டலம் தனித்தனி வீடு. லாஃப்ட் கணக்கில் வராது. மணி போனதுதான் அசல் லாஃப்ட். நம் ஊரில் லாஃப்ட் என்றால் பித்தளை அண்டாவையும் கொலுப்படியையும் ஏற்றி வைக்கும் பரண். நியூயார்க்கில் அது தொழிற்சாலை காலி செய்துவிட்டுப் போன மாடி. அங்கே சோஹோ என்ற பகுதியில் அப்படிப்பட்ட மாடிகளில் ஓவியர்கள் திருட்டுத்தனமாகத்தான் குடியேறினார்கள். அடிக்கடி தீப்பிடித்ததால் அந்தப் பகுதிக்கு தீயணைப்புக்காரர்கள் வைத்த பெயர் ‘நரகத்தின் நூறு ஏக்கர்’. உள்ளே ஆள் தூங்குகிறார் என்று தெரிவதற்காகவே வாசலில் ‘ஏ.ஐ.ஆர்.’ (ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ், இங்கே ஓவியர் குடியிருக்கிறார்) என்று பலகை, கூடவே எத்தனாவது மாடி என்று. 1971இல்தான் ஓவியர்கள் அங்கே வாழ்வது சட்டப்படி சரி என்று ஆனது. அப்புறம் பணக்காரர்கள் வந்தார்கள், வாடகை எங்கேயோ போனது.

என் கதை சின்னது. அதே சோஹோவில் ஸ்பிரிங் தெரு 101, டொனால்ட் ஜட் என்ற அமெரிக்கக் கலைஞர் 1968இல் வாங்கிய ஐந்து மாடி வார்ப்பிரும்புக் கட்டடம். இப்போது முன்பதிவு செய்து போய்ப் பார்க்கலாம். ஐந்தாம் மாடி முழுக்க ஒரே கூடம். தரையோடு தரையாக மரமேடை, அதன்மேல் படுக்கை. கூடம் நீளத்துக்கும் குழல்விளக்கிலேயே கலைப்படைப்பு செய்த டான் ஃபிளாவினின் விளக்கு வரிசை. கூட வந்தவர்கள் எல்லோரும் விளக்கையே பார்த்தார்கள். எனக்கு அந்தப் படுக்கையை விட்டுக் கண் நகரவில்லை. ஆயா வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்போம், அதே தாழ்வு, அதே வெட்டவெளி. கால் தானாக ஒரு அடி முன்னே போய்விட்டது. வழிகாட்டிப் பெண் “சார், ப்ளீஸ்” என்றாள்.

பழைய தூரிகை
மணிக்கு: ஆயில் பெயின்ட் ஈரமாக இருந்தால் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி போட பத்து நிமிஷம். அந்தம்மாவுக்கு நஷ்டமே இல்லை. உங்களை மன்னித்தார் என்பதெல்லாம் பெரிய வார்த்தை.

எனக்குக் கவலை அந்தப் பையன். டேப் ஒட்டினால் டர்பன்டைன் ஆவி அந்தப் பக்கமே நின்றுவிடுமா? யாரும் கேட்கவில்லை, தெரியும், சொல்லித்தான் ஆகவேண்டும். எண்ணெய் வண்ணம் போடும் அறையில் தூங்காதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள், டர்பன்டைன் பாட்டிலை உடனே மூடுங்கள். காட்மியம் மஞ்சள், ஃப்ளேக் ஒயிட் (அது ஈயம்) எல்லாம் நகக்கண்ணில் இருக்கும்போது சோறு பிசையக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், லின்சீட் ஆயில் (வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடாகும், குவியலில் சூடு வெளியே போக வழியில்லாமல் நெருப்பே இல்லாமல் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். 1994இல் என் அறையில் ஒரு மெத்தை போனது. என் அனுபவம் அவ்வளவுதான். அப்புறம், வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல் இருக்கிற இடமாகப் பார்த்துப் பிடியுங்கள்.

கடற்கரைக்காரி
வடக்கு ஜன்னல் ஐரோப்பாக்காரர் கணக்கு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிவெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். காலையிலும் சாயங்காலமும் நேராக உள்ளே அடிக்கும். நீங்கள் சொன்னதை நம்பி ஜூனில் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்தால் கேன்வாஸ் மேல் வெயில்தான். அப்புறம் குயின்ஸ்வாசி, நான் எட்டிப் பார்த்த வீட்டில் சுவர் எத்தனை என்று எண்ணினீர்களா?

இன்வெர்ட்டர் மணி
பத்து நிமிஷ வேலைதான் என்றால் சரி. அப்படியானால் பையன் ஏன் எழுதுவதை நிறுத்தினான்?

வடபழனி மாடிவீடு
நான் வீடு விட்டவன். மொட்டைமாடி அறையில் மூன்று வருஷம் ஒரு ஓவியர் இருந்தார். ஒற்றை ஆள், அமைதியான மனிதர், வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். காலி செய்யும்போது மொசைக் தரையில் கேன்வாஸைத் தாங்கும் மூன்று கால் ஸ்டாண்ட் நின்ற இடத்தைச் சுற்றி நீலத் துளிகள். அந்தக் கால்கள் நின்ற இடம் மட்டும் சுத்தமாக, வட்ட வட்டமாக. தரையை பாலிஷ் போட வேண்டும் என்று சொல்லி அட்வான்ஸில் 4000 பிடித்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

பாலிஷ் போடவில்லை. அறையில் இப்போது அரிசி மூட்டை கிடக்கிறது.

பழைய தூரிகை
திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சார்.

வடபழனி மாடிவீடு
பழைய நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள்.