இரண்டாம் சரணத்தில் நின்றுபோன பாடல்

பாடகர் குழுவிலுள்ள ஒரு சகோதரி

பெரிய வெள்ளி ஆராதனையில் தனிப்பாடல் பாடும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் சரணம் நன்றாகவே போயிற்று. இரண்டாம் சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு ஏற வேண்டிய இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது; வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. கீபோர்டு வாசித்த சகோதரர் அந்த அடியை இரண்டு முறை திரும்ப வாசித்துக் காத்திருந்தார். மூன்றாம் முறை சபையாரே பாடத் தொடங்கிவிட்டார்கள். மைக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி நான் நின்றேன்.

அதன் பின் ஐந்து மாதங்கள் ஒத்திகைக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் தொண்டை வலி என்றேன், அது பொய். நன்றாகப் பாடுகிறவள் என்பதைத் தவிர தேவன் விரும்பத்தக்கது என்னிடம் வேறொன்றும் இல்லை என்று சிறுவயது முதலே நம்பியிருந்தேன். அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

வேதபாட வகுப்பு ஒன்றில் மூத்த சகோதரி ஒருவர் லூக்கா 3-ஆம் அதிகாரத்தை வாசித்து நிறுத்தி, "இதுவரை இயேசு எத்தனை பேரைக் குணமாக்கியிருந்தார்?" என்று கேட்டார். ஒருவரையும் இல்லை. "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று அவருடைய ஞானஸ்நானத்தின்போது வானத்திலிருந்து சத்தம் உண்டானபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. ஊழியத்தைத் தொடங்கியிருக்கவில்லை, ஒரு சீஷனையும் அழைத்திருக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் பிசாசு பேச்சைத் தொடங்குவதோ "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்றுதான். ஏற்கெனவே அருளப்பட்டுவிட்ட உறவுக்கு ஏதாவது செய்துகாட்டி அத்தாட்சி கொடு என்று கேட்கிற அந்தக் குரலைத்தான் இத்தனை ஆண்டுகளாக என் மனச்சாட்சி என்று எண்ணியிருந்தேன்.

கீபோர்டு வாசிக்கும் ஒரு சகோதரர்

சகோதரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இதெல்லாம் புரிந்த பிறகும் உடம்பின் நடுக்கம் போய்விடுவதில்லை. ஆராதனைக்கு முன் என் விரல்கள் இன்றும் சில்லிட்டுப்போகின்றன, வாய் உலர்கிறது. அட்ரினலின் சுரந்து, இரத்தம் தோலைவிட்டுப் பெரிய தசைகளுக்குத் திருப்பப்படுவதால் நேர்வது அது. விசுவாசக் குறைவு அன்று. அப்படிக் குற்றம் சொல்கிறவர்களுக்கு 1 கொரிந்தியர் 2:3-ஐக் காட்டுவேன். "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" கொரிந்து சபையாரிடத்தில் இருந்ததாக அப்போஸ்தலர் பவுலே எழுதுகிறார்.

ஜெபத்தோடு எனக்கு உதவியது பயிற்சி முறையில் செய்த ஒரு மாற்றம். எப்போதும் முதலிலிருந்தே வாசித்துப் பழகினால், நடுவில் தவறும்போது மீண்டும் நுழைய வழி தெரியாது. ஆகவே பாடலில் நான்கு இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, எங்கிருந்தும் தொடங்கப் பழகுகிறேன். இசையமைப்பாளர் பாஹ் தம் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் தொடக்கத்தில் "இயேசுவே, உதவும்" என்பதையும் முடிவில் "தேவனுக்கே மகிமை" என்பதையும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகளாக எழுதுவார். நான் என் நோட்டில் முதலாவதை மட்டும் எழுதியிருக்கிறேன். இரண்டாவதுக்கு என் வாசிப்பு இன்னும் தேறவில்லை என்று என் மனைவி கேலி செய்வார்.

பிரசங்கிக்கப் பழகும் ஓர் இளைஞர்

எஜமான் தன் ஊழியக்காரரிடம் பணத்தை ஒப்புவித்துப் போகும் தாலந்து உவமையைச் சொல்லி என்னைப் பயமுறுத்தாதவர்கள் குறைவு. ஆனால் மத்தேயு 25-இல் மூன்றாம் ஊழியக்காரன் தனக்குக் கொடுக்கப்பட்ட பணத்தை இழக்கவே இல்லை. எஜமானைக் "கடினமுள்ள மனுஷன்" என்று எண்ணி, பயந்து அதைப் புதைத்தான். இதைக் கண்ட பிறகே, இரண்டு முறை மறுத்திருந்த பிரசங்க வாய்ப்பை ஏற்றேன். குறிப்புத்தாளின் கடைசிப் பக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது தனிக்கதை.

மீண்டும் அந்தச் சகோதரி

கடந்த மாதம் அதே பாடலைப் பாடினேன். அந்த உச்சத்தில் சுருதி சற்றே இறங்கிற்று. எனக்கும் கீபோர்டு வாசித்தவருக்கும் அது தெரியும். மூன்றாம் சரணத்தையும் பாடி முடித்து, மைக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.