நம்ம பக்கத்து ஈரல் டாக்டரிடம் போனவர்கள் எழுதுங்கள்

தேவகோட்டைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பழைய வீட்டு முகப்பில் உட்கார்ந்து பார்ப்பாரே, அவரைத்தான் சொல்கிறேன். 2013-ல் அப்பச்சியை, அதாவது எங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மதுரையில் ஸ்கேன் எடுத்து ஈரலில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். குடி, சுருட்டு எதுவும் கிடையாது அவருக்கு. டாக்டர் ஃபைலை இரண்டு நிமிஷம் புரட்டிவிட்டு மூடினார். என்னைப் பார்த்து, "உங்க அப்பத்தா எதுல தவறிப்போனாக?" என்றார். வயிறு வீங்கி இறந்ததாகச் சொன்னேன். "அப்பச்சிகூடப் பிறந்தவுக எத்தனை பேர்?"

எனக்குச் சுள்ளென்று கோபம். இவருக்கு வைத்தியம் கேட்டு வந்தால் வம்சம் விசாரிக்கிறாரே என்று. அவர் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து ஐந்து கோடு இழுத்தார். அப்பத்தா, ஐந்து பிள்ளைகள். "அஞ்சு பேருக்கும் ரத்தம் பாருங்க, அவுக பிள்ளைகளுக்கும் பாருங்க." நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அப்பச்சி கருமாதிக்கு அப்புறம்தான் பார்த்தோம். சித்தப்பாவுக்கும் ஒரு அயித்தைக்கும் ஈரலைப் பிடிக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்தது. சித்தப்பா இன்றைக்கும் அதற்கான டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். இதை டாக்டரிடம் போய்ச் சொல்லவே இல்லை. கவர் மட்டும் பீரோவில் கிடக்கிறது.

கண்டனூர் மருமகள்:
எங்கள் தம்பிக்கும் இதே பி இருப்பது வெளிநாட்டு வேலை மெடிக்கலில் தெரிந்தது. அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தோம். ஆத்தா மறைத்துவிடலாம் என்றார்கள். டாக்டர்தான் "மறைச்சுக் கட்டாதீக. பொண்ணுக்கு ஆறு மாசத்துல மூணு ஊசி, அப்புறம் தாலி" என்று பெண்ணின் அப்பாவை வரச்சொல்லி அவரே பேசினார். பெண்ணின் அப்பா எதற்கும் அசையவில்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டால் ஒட்டாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டர் தம்பி பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து, மீதித் தண்ணீரை வாய் வைத்தே குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அடுத்தவர் எச்சில் தண்ணீரை அந்த வயதில் யார் குடிப்பார்கள்? முகப்பில் பேச்சே இல்லை.

ஆனாலும் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது.

செக்காலை வாசி:
எல்லாரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். தேவகோட்டை அண்ணே, உங்கள் அப்பச்சிக்கு அவர் ஏன் கீழாநெல்லி எழுதவில்லை? எங்கள் ஐயாவுக்குக் காமாலை வந்தபோது மோரில் அரைத்துக் கொடுத்துப் பதினைந்தே நாளில் இறங்கியது. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கே சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர்களோடு சேர்ந்து கீழாநெல்லியைப் பற்றி எழுதியிருக்கிறார். இதை நான் டாக்டரிடமே கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் இல்லை.

பழைய லேப்காரன்:
அவரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். நீங்கள் சொல்லும் கட்டுரை 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அதே சோதனையை வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. டாக்டர் மேஜை டிராயரில் அந்தக் கட்டுரையும் பின்னால் வந்தவையும் ஒரே கிளிப்பில் இருக்கும். உங்கள் ஐயாவுக்கு வந்தது தண்ணீரில் பரவும் ஏ அல்லது இ வகையாக இருக்கலாம். அவை பெரும்பாலும் தானே இறங்கிவிடும். பி வேறு. அது சத்தமே இல்லாமல் முப்பது, நாற்பது வருஷம் உள்ளே இருந்துவிட்டுக் கட்டியாக வரும்.

தைவானில் பீஸ்லி என்ற டாக்டர் 22,707 ஆண்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார். 1981-ல் எழுதும்போது ஈரல் புற்றுநோயில் இறந்திருந்த 41 பேரில் 40 பேர் முதல் நாளிலேயே இந்தக் கிருமி இருந்தவர்கள். எங்கள் டாக்டருக்கு அது மனப்பாடம். அதனால்தான் ஒருவருக்கு பி என்று வந்தால் அன்றைக்கே அவர் வீட்டுக்கு ஒரு போஸ்ட்கார்டு: "வீட்டில் உள்ள எல்லோரும் வரவும்." சொந்தக் கையெழுத்தில் எழுதுவார். பத்துக் கார்டு போட்டால் ஒரு குடும்பம் வரும். தபாலில் சேர்ப்பது என் வேலை. ஒரு தடவை ஏழு கார்டு என் பையிலேயே இரண்டு வாரம் கிடந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. யார் யார் விலாசம் என்று பார்க்கத் தைரியம் இல்லாமல் அப்படியே பெட்டியில் போட்டேன்.

குன்றக்குடி அக்கா:
எனக்கு டோக்கன் கிடைக்காமல் ஒரே தடவை திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்ததோடு சரி. ஆனால் எல்லாரும் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். தாய்க்கு இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசியும், அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி ஊசியும் போட வேண்டும். பெரியவர்களுக்கு ஒட்டினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் உடம்பில் தங்கும். பிறக்கும்போதே ஒட்டினால் சுமார் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். தைவானில் 1984-லேயே குழந்தைகளுக்கு ஊசி ஆரம்பித்தார்கள், பிள்ளைகளிடம் ஈரல் புற்றுநோயே குறைந்தது. நம் தமிழ்நாட்டில் 2011 கடைசியில் வந்த ஐந்து நோய் ஊசியிலும் இது இருக்கிறது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். கிருமி இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், ஈரல் கட்டிக்காக எடுக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் விடாதீர்கள். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கிருமி திடீரென்று ஏறிவிடும். சலூனில் புது பிளேடு கேளுங்கள். காது குத்தப் போனாலும் கேளுங்கள்.

தேவகோட்டைக்காரன்:
செக்காலைத் தம்பி, கீழாநெல்லி நாங்களும் கொடுத்தோம். கொல்லையில் பறித்து ஆத்தா அரைத்துக் கொடுப்பார்கள், அப்பச்சி ஒரு நாள்கூட வேண்டாம் என்றதில்லை. டாக்டரும் தடுக்கவில்லை.

லேப்கார அண்ணே, எங்கள் வீட்டுக்குக் கார்டு எதுவும் வந்ததில்லை, எங்களை நினைத்து வருத்தப்படாதீர்கள். அக்கா சொன்ன பிறகுதான் கவரை எடுத்துப் பார்த்தேன். அயித்தைக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். கடைசிப் பெண் கோயம்புத்தூரில் இருக்கிறாள், இரண்டு பிரசவம் ஆகிவிட்டது, அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. ராத்திரி போன் பண்ணுகிறேன்.