ஸ்பான்சர் பிள்ளையை நேரில் போய்ப் பார்ப்பது வீண் செலவா?

மெல்பர்ன்வாசி:
ஜனவரியில் எங்கள் சபையிலிருந்து 11 பேர் உகாண்டாவுக்கு ஊழியப் பயணம் போனோம். மசாக்கா பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆறு வருடமாக நான் ஸ்பான்சராக மாதாமாதம் பணம் அனுப்பி உதவும் சிறுமியைப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் அவள் தலையே நிமிரவில்லை. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். உள்ளே நான் எழுதிய கடிதங்கள் அத்தனையும் இருந்தன. மொழிபெயர்ப்பாளர் வழியாக அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி சரியாகிவிட்டதா?" அதை நான் எப்போதோ ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் சபையில் ஒருவர், "அந்தப் பணத்தை அனுப்பியிருக்கலாமே" என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஸ்கார்பரோ தம்பி:
அக்கா, கோபிக்காதீர்கள், அவர் சொன்னதுதான் சரி. டிக்கெட், மஞ்சள் காய்ச்சல் ஊசி, தங்குமிடம் என்று ஆளுக்கு 5,000 டாலர் ஆகியிருக்கும். மாதம் 50 டாலர் என்று வைத்தால் அது ஒரு பிள்ளைக்கு எட்டு வருடக் காசு. வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்றுதானே இயேசு சொன்னார்? நீங்கள் முகநூலில் போட்ட படத்தில் அந்தப் பிள்ளை உங்கள் முன்னால் முழங்காலில் நிற்கிறாள். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது.

மெல்பர்ன்வாசி:
தம்பி, எனக்கும் பதறியது. கையைப் பிடித்துத் தூக்கப் போனேன், அங்கிருந்த ஆசிரியைதான் தடுத்தார். பெரியவர்களுக்குப் பெண்பிள்ளைகள் முழங்காலிட்டு வணக்கம் சொல்வது, உகாண்டாவில் அந்தக் கிராமம் இருக்கும் புகாண்டா பகுதியின் வழக்கமாம். அவள் தன் பாட்டியையும் அப்படித்தான் வணங்கினாள். ஆனால் படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரியாதுதான். முகநூலிலிருந்து அதை நீக்கிவிட்டேன்.

செலவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். புரூஸ் வைடிக் என்ற பொருளியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் உகாண்டா உட்பட 6 நாடுகளில் 10,144 பேரிடம் விவரம் எடுத்து, 2013இல் ஆய்வு வெளியிட்டார்கள். கம்பாஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஸ்பான்சர் திட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்திருக்கிறார்கள். இது வீண் வேலை இல்லை.

ஸ்கார்பரோ தம்பி:
அக்கா, அந்த ஆய்வு அளந்தது மாதாமாதம் போகும் உதவியை. விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பதை அது அளக்கவில்லை. உதவியை நான் எதிர்க்கவே இல்லை, நானும்தான் கொடுக்கிறேன். என் பயம் வேறு. இந்த உறவின் கயிறு நம் கையிலும் இல்லை, பிள்ளையின் கையிலும் இல்லை. வெளிநாட்டுப் பணத்துக்கு இந்திய அரசு கட்டுப்பாடு போட்டதும், 2017 மார்ச்சில் கம்பாஷன் அங்கே வேலையை நிறுத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கடிதங்கள் நின்றன. நேரில் போய்க் கட்டிப்பிடித்துப் பாசம் வைத்துவிட்டு, அப்புறம் இப்படி அறுந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

நெல்லைக்காரி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஸ்பான்சரில் படித்தவள். திருநெல்வேலி பக்கம், நீங்கள் சொல்வது அல்ல, வேறொரு சின்னத் திட்டம். ஆறாம் வகுப்பில் இருந்தபோது என் ஸ்பான்சர் ஐயா நேரில் வந்தார். அதற்காக இரண்டு வாரம் பாட்டுப் பயிற்சி. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் வராத பிள்ளைகள் சுவரோரமாக நின்று பார்த்தார்கள். என் தங்கை, "எனக்கு யாரும் வரமாட்டாங்களா?" என்று ராத்திரி முழுக்கக் கேட்டாள். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது தம்பி. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி இரவல் வாங்கிப் போட்டும் உட்காராமல், தரையில் பாயில் உட்கார்ந்து அம்மா வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டார். அம்மாவுக்கு, உதவி வந்த அந்த ஐந்து வருடத்தில் வாங்கித்தான் பழக்கம். அன்றைக்குத்தான் கொடுத்தாள். எங்கள் திட்டமும் பாதியில் நின்றது, அழுதேன். ஆனாலும் அவர் வராமலே இருந்திருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஸ்கார்பரோ தம்பி:
உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் உங்கள் தங்கை கேட்ட கேள்விக்கும் இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. 11 பேர் போகும் இடத்துக்கு இரண்டு பேர் போய், மிச்சக் காசை அந்தச் சுவரோரப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

மெல்பர்ன்வாசி:
இரண்டு பேர் என்பதைச் சபையில் பேசுகிறேன் தம்பி. நெல்லைக்காரி, ஒன்று கேட்கட்டுமா? அன்று எடுத்த படங்கள் நாற்பதுக்கு மேல் என் போனில் இருக்கின்றன. அழித்துவிடட்டுமா?

நெல்லைக்காரி:
அழிக்காதீர்கள் அக்கா. அச்சுப் போட்டு, அலுவலகம் வழியாக அவளுக்கே அனுப்புங்கள். பாட்டியோடு நிற்கும் படம் இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள். அன்று ஐயா எங்கள் வீட்டில் நிறையப் படம் எடுத்தார், எல்லாம் அவர் கேமராவோடு போய்விட்டது. என் தங்கையின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.